பத்து டாங்கிகளுக்கும் வளையம்

நீங்கள் இருவரும் அன்று அந்த அறையில் என்னோடு இருந்தீர்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டால் அக்காவுக்கு மாட்டுங்கா சார் கட்டிடத்தின் பழைய கிரில் கதவு லிஃப்ட்தான் நினைவில் இருக்கிறது. தம்பிக்கு அங்கே கொடுத்த போளி. அப்பாவுக்கு அன்று என்ன நடந்தது என்பதை அப்பாதான் எழுதியாக வேண்டும். நான் தாராவியில் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன். நீங்கள் இங்கிலீஷ் மீடியம், தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள். அதனால் முடிந்தவரை நேராக எழுதுகிறேன். எங்காவது தடுக்கினால் அம்மாவிடம் கேளுங்கள். என்னிடம் வந்தால் நான் வேறு கதைக்குப் போய்விடுவேன் என்று உங்களுக்கே தெரியும்.

என் வேலையும் உங்களுக்குத் தெரியும். ஆனால் வேறு பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்குத் தெரியாது அல்லவா? நான் தோல் பை செய்யும் கார்கானாவில் ஃபினிஷிங் ஆள். ஒரு பையை வெட்டி, தைத்து முடித்த பிறகு அதன் ஓரங்களில் தோலின் வெட்டுவாய் பச்சையாகத் தெரியும். அந்த ஓரத்துக்குக் கெட்டியான ஒரு சாயம் பூச வேண்டும். எட்ஜ் கலர் என்போம். மெல்லிய குச்சியில் சாயத்தைத் தொட்டு ஓரத்தோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு துளி கூட தோலின் முகத்தில் வழியக் கூடாது. காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, மூன்று தடவை. இருபது வருடத்துக்கு மேல் இதையே செய்ததில் என் கை நடுங்குவதில்லை. எனக்கென்று இருக்கும் சொத்து அதுதான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆர்டர் வந்தால் முதலில் ஒரே ஒரு பை செய்து காட்டுவோம். அது சரி என்று சொல்லிவிட்டால் அதில் ஒரு சீட்டைக் கட்டி ஆணியில் மாட்டிவிடுவார்கள். அதுதான் சாம்பிள். அதற்குப் பிறகு செய்கிற இருநூறு பையும், அதாவது மொத்த லாட்டும், அந்தச் சாம்பிளைப் போலவே இருக்க வேண்டும். ஒரு பையில் பக்கிள் ஒரு நூல் கீழே இறங்கிவிட்டால் போதும், செக் பண்ணுகிறவர் அதைத் தூக்கி மூலையில் எறிந்துவிடுவார். சாம்பிளில் அந்தத் தையல் ஏன் அங்கே இருக்கிறது, அந்தப் பொத்தான் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சாம்பிளைப் பார், கையில் இருப்பதைப் பார். இரண்டும் ஒன்றா? சரி, அடுத்தது. நான் கற்ற வித்தை இவ்வளவுதான்.

மாட்டுங்கா சார் எங்கள் கார்கானாவுக்கு வந்தது ஒரு பை செய்யச் சொல்லித்தான். மாட்டுங்காவில் குடியிருக்கிறவர், இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, கிட்டத்தட்ட என் வயதுதான். ஒரு செருப்பு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் என் சுண்டு விரல் நீளத்துக்கு டாங்கிகள் வரிசையாகக் கிடந்தன. ரயிலில் கூட்டத்தில் கொண்டு போனாலும் ஒன்றோடு ஒன்று உரசாமல், ஒவ்வொன்றுக்கும் தனி அறை வைத்த பை வேண்டும் என்றார்.

“உங்க பையன் வெளையாடுததா சார்?” என்று கேட்டேன்.

“நான் வெளையாடறது,” என்றார். சொன்னபோது கொஞ்சம் கூட வெட்கப்படவில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அது என்ன விளையாட்டு என்று அப்புறம் சொன்னார். முன்பு நிஜமாக நடந்த ஒரு போரை மேஜை மேல் மறுபடி நடத்துவது. பச்சைத் துணியை விரித்து, தெர்மாக்கோலில் மேடு செய்து, ஸ்பாஞ்சைப் பிய்த்துத் தோப்பு வைத்து, இரண்டு பக்கமும் டாங்கிகளை நிறுத்துவார்கள். டேப் வைத்து அளந்துதான் நகர்த்த வேண்டும். சுட்டால் பட்டதா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். கேரம் போல ஆட்டம்தான், ஆனால் நடுவில் நிறுத்தி நிறுத்திச் சரித்திரம் பேசுவார்கள்.

பை செய்யும்போது அந்த டப்பாவில் ஒரு டாங்கியின் குழல் ஒடிந்திருப்பதைப் பார்த்தேன். தீர்ந்துபோன பேனா ரீஃபிலில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, மேலே அதே நிறத்தைக் கலந்து பூசி வைத்தேன். கேட்காமல் செய்ததுதான். பையை வாங்கிப் போனவர் இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். கையில் இன்னொரு செருப்பு டப்பா இருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒடிந்ததை ஒட்டினேன். பிறகு பொம்மையை மாற்ற ஆரம்பித்தேன். மஸ்ஜித் பந்தர் கடைகளில் மொத்தமாக விற்கும் பிளாஸ்டிக் டாங்கிகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கிளிப் பச்சை நிறம், அடியில் ஓடுகிற சக்கரம், முருங்கைக்காய் போலத் தடித்த குழல். அதை நிஜ டாங்கியின் சிறிய உருவமாக மாற்ற வேண்டும். முருங்கைக்காயை அறுத்து எறிந்துவிட்டு ரீஃபில் குழாயை வைப்பேன். பெல்ட்டில் ஓட்டை போடும் பஞ்ச் எங்களிடம் ஆறு அளவில் இருக்கிறது. அதால் பிளாஸ்டிக் தாளில் ஒரு தட்டுத் தட்டினால் வட்டமாக ஒரு பொட்டு விழும். அதுதான் டாங்கியின் தலையில் ஆள் இறங்குகிற மூடி. அறுந்த ஜிப்பின் பல் வரிசை சங்கிலிப் பட்டைக்கு ஆகும். பையின் உள்துணியில் ஒரு கிழிசலைப் பசையில் நனைத்துச் சுருட்டி ஏற்றினால் சுருட்டிக் கட்டிய தார்ப்பாய். கார்கானாவில் கூட்டித் தள்ளுகிற குப்பையில் பாதி எனக்கு உதிரிப் பாகமாகத் தெரிய ஆரம்பித்தது.

பெயிண்ட் அடிப்பதில் மட்டும் முதல் தடவை கோட்டை விட்டேன். மூன்று கோட் அடித்து, தேய்த்து, பளபளவென்று ஆக்கிக் கொண்டு போய்க் கொடுத்தேன். சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப நன்னா இருக்கு. ஆனா இது ஷோரூம்ல நிக்கற மாதிரி இருக்கே. சேத்துலயும் புழுதியிலயும் ஓடினதாக்கும் இது,” என்றார்.

பளபளப்பை எப்படிக் கொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். வார்னிஷில் முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கலந்து பூசினால் பளபளப்பு அடங்கிவிடுகிறது. அதைக் கண்டுபிடித்த அன்று காலை உங்கள் அம்மா கண்ணாடி முன்னால் நின்று டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, நேத்துதான பவுடர் வாங்குனேன்? பாதி டப்பா எங்க போச்சு?”

நான் ஃபிரிட்ஜுக்கு மேல் காய்ந்துகொண்டிருந்த டாங்கிகளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“டாங்கிக்கு மேக்கப் போட்டு அனுப்புதியளாக்கும்? அப்ப நான் கோயிலுக்கு எட்ஜ் கலர் பூசிட்டுப் போட்டா?”

அன்று அவள் பவுடர் போடாமலே கோயிலுக்கு வந்தாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

செய்து முடித்த டாங்கிகளை ஞாயிறு மத்தியானம் சார் வீட்டுக் கட்டிடத்தில் கொண்டு போய்க் கொடுப்பேன். கீழே, குடியிருக்கிறவர்கள் கூட்டம் போடுகிற சொசைட்டி அறை ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கேதான் ஆட்டம். கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். ஆனால் நான் கிளம்ப மாட்டேன். தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நிற்கச் சொன்னவர் யாரும் இல்லை, உட்கார வேண்டாம் என்றவரும் இல்லை. மேஜையைச் சுற்றி இருந்த நாற்காலிகள் ஆடுகிறவர்களுக்கு. நான் பெயிண்ட் அடிக்கிறவன். அப்படித்தான் எனக்கே தோன்றியது. ஆனாலும் அங்கே நின்று நின்று விதிகள் எல்லாம் பழகிவிட்டன. எது எத்தனை அங்குலம் போகும், எவ்வளவு தூரத்தில் பகடை என்ன விழ வேண்டும் எல்லாம் தெரியும். சில சமயம் யாராவது தப்பாக நகர்த்தும்போது என் கால் கட்டை விரல் செருப்புக்குள் மடங்கும். வாயைத் திறக்க மாட்டேன். என் கையால் செய்த டாங்கியை ஒரு தடவையாவது நானே நகர்த்திப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் இந்த ஆசையை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

சாரே ஒருநாள் சொன்னார். அடுத்தது எழுபத்தொன்றாம் வருடத்துப் போர், பஞ்சாப் பக்கத்து எல்லையில் டாங்கிக்கு டாங்கி. அதற்குப் புதிதாகப் பத்து டாங்கி வேண்டும். வழக்கமாக ஆடுகிற ஒருவர் அந்த மாதம் புனேயில் இருப்பார்.

“டாக்டர் பக்கத்துல ஒரு ஆள் கொறையறது. இந்தப் பத்தையும் முடிச்சுக் கொண்டு வாங்கோ. அன்னிக்கு நீங்களும் உக்காந்து ஆடிடுங்கோ.”

டாக்டர் என்றது செம்பூரிலிருந்து வருகிற பல் டாக்டரம்மா. சாருக்கு எதிராக ஆடுகிறவர்.

நான் வீட்டுக்கு நடந்து வந்தேனா, ஓடி வந்தேனா தெரியாது. உங்களிடம் சொன்னேன். நீங்களும் வருவதாகச் சொன்னீர்கள். அம்மாவிடம் சொன்னபோது, “பெரிய மேஜ ஆயிட்டிய போல,” என்றாள். மேஜர் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

சார் இரண்டு படங்களை அச்சடித்துக் கொடுத்திருந்தார். ஒன்று தெளிவான படம், பக்கவாட்டில் நிற்கிற டாங்கி. அதன் குழலின் நடுவில் மோதிரம் போட்டது போல ஒரு தடிப்பான வளையம். சார் அதில் விரலை வைத்து, “இந்த வளையம் ரொம்ப முக்கியம். இது இல்லேன்னா இந்த ஆட்டமே இல்லை,” என்றார். இன்னொரு படம் மங்கல். அதே டாங்கி போலத்தான் இருந்தது, குழலில் வளையம் தெரியவில்லை. படம் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று அதை மடித்து வைத்துவிட்டேன். தெளிவான படத்தைச் சுவரில் ஒட்டினேன். அதுதான் என் சாம்பிள்.

தினமும் காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். வளையத்துக்கு என்ன செய்வது என்பதுதான் பாடாக இருந்தது. தாளைச் சுற்றிப் பார்த்தேன், நூலைச் சுற்றிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. கடைசியில் மின்சார வயரின் மேல்தோலை உரித்து, கால் அங்குலத்துக்கும் குறைவாக வெட்டி, ரீஃபில் குழாயின் மேல் நுழைத்தேன். கனகச்சிதமாக உட்கார்ந்தது. பத்துக்கும் அதையே செய்தேன். சாக்பீஸால் குறி வைத்து, முனையிலிருந்து பத்துக்கும் ஒரே தூரத்தில் வருகிற மாதிரி வைத்தேன். ஒன்று மட்டும் ஒரு மயிரிழை தள்ளி இருந்தது. அதை உருவி மறுபடி போட்டேன். மங்கல் பச்சை, அதன் மேல் சேற்று நிறம், அதன் மேல் பொடித்த சாக்பீஸ் புழுதி. ஃபிரிட்ஜுக்கு மேல் வரிசையாக வைத்துவிட்டு ஒரு கண்ணை மூடி ஓரமாகப் பார்த்தேன். பத்துக் குழல், பத்து வளையம், ஒரே கோட்டில். இப்படி ஒரு லாட்டை என் வாழ்க்கையில் நான் முடித்ததில்லை.

அந்த ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு நீங்கள் இருவரும் அதே நல்ல சட்டையோடு வந்தீர்கள். சொசைட்டி அறையில் சாரும் டாக்டரம்மாவும் துணியை விரித்து, மேடும் தோப்பும் வைத்துத் தயாராக இருந்தார்கள். உங்களுக்குப் போளி கொடுத்தார்கள். நான் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தேன்.

“அடடா!” என்றார் சார். குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தார். “தார்ப்பாயை ஏதோ ஒரு சாக்குக் கயித்துல கட்டியிருக்கேள், பாருங்கோ டாக்டர், முடிச்சு கூட இருக்கு!”

டாக்டரம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பல்லைப் பார்ப்பது போலவே ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “அண்ணா, சூப்பர். ஆனா இதுல என்னோடது எது?” என்று கேட்டார்.

“என்ன மேடம்?”

“நான் பாகிஸ்தான் பக்கம். என் அஞ்சு எங்கே?”

சார் ஒவ்வொரு குழலாக விரலை நீட்டிக்கொண்டே போனார். பத்தாவதில் விரல் நின்றது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் மெதுவாக இறங்கியதை நான் பார்த்தேன்.

“பத்துக்கும் போட்டுட்டேளா வளையத்தை?”

“ஆமா சார். நீங்கதான முக்கியம்னிய. ஒண்ணு கூட சாம்பிளுக்கு மாறல.”

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். நம்மிடம் இருந்த டாங்கி ரஷ்யாவிலிருந்து வந்தது. அவர்களிடம் இருந்தது சீனாவிலிருந்து. ஆனால் இரண்டும் ஒரே வார்ப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. நம் ஆட்களே நம் டாங்கியைச் சுட்டுவிடக் கூடாது என்றுதான் நம் டாங்கிகளின் குழலில் பொய்யாக ஒரு வளையத்தை மாட்டினார்கள். அதால் வேறு எந்த உபயோகமும் இல்லை. வித்தியாசம் தெரியத்தான் வளையம். அதைப் பத்துக்கும் மாட்டி நான் வித்தியாசத்தையே இல்லாமல் செய்துவிட்டேன்.

மங்கல் படம் எதற்கு என்று அப்போது புரிந்தது. தம்பி வாயில் போளியோடு, “எப்பா, ராங் ஆயிட்டா?” என்று கேட்டான். அக்கா அவன் தொடையில் கிள்ளினாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

“விடுங்கோ, அஞ்சுல செவப்பு நூல் கட்டிக்கலாம்,” என்றார் டாக்டரம்மா.

“டாங்கிலயா? ஆட்டோல எலுமிச்சம்பழம் கட்டற மாதிரியா?” சாருக்குக் கோபமே வந்துவிட்டது. “சரித்திரம்னா சரித்திரமா இருக்கணும். இன்னிக்கு வேண்டாம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

அடுத்த மாதம் புனே போனவர் திரும்பி வந்துவிடுவார். எனக்கு நாற்காலி இல்லை. அது சாருக்கு நினைவில் இல்லை, அவர் வேண்டுமென்று சொல்லவும் இல்லை. ஆனால் எனக்கு அந்த நிமிடத்தில் அது ஒன்றுதான் தெரிந்தது. மறுபடி ஃபில்டர் பக்கத்துச் சுவர்தான். அதுவும் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு.

“சார், அரை மணி நேரம் குடுங்க,” என்றேன்.

பையின் பக்க அறையில் தோல் சீவுகிற கத்தியும் இரண்டு சின்ன டப்பா சாயமும் இருந்தன. எங்கே போனாலும் கொண்டு போகிற பழக்கம். மேஜையில் இடம் இருந்தும் எனக்கு வேலை தரையில் உட்கார்ந்தால்தான் ஓடும். ஜன்னலுக்குக் கீழே செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். பத்தில் எந்த ஐந்தைக் கெடுப்பது? நன்றாக வராத ஐந்தை எடுக்கலாம் என்று பார்த்தேன். நன்றாக வராதது என்று ஒன்றும் இல்லை. அது அப்போது பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்த ஐந்தை எடுத்தேன்.

வயர் தோலை நீளவாக்கில் கீற வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே ரீஃபில் குழாய் அறுந்துவிடும். முதல் டாங்கியின் குழலைக் கட்டை விரலில் தாங்கி, கத்தியை வைத்தேன். டாக்டரம்மா தரையில் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மொபைல் விளக்கைப் போட்டுச் சரியாக அந்த இடத்தில் பிடித்தார்.

“வலிச்சா கையைத் தூக்கச் சொல்லுங்கோ,” என்றார் டாங்கியைப் பார்த்து.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது கத்தியை எடுத்துவிட்டு, சிரித்து முடித்த பிறகு மறுபடி வைத்தேன். கீறினேன். வளையம் விரிந்து சுருளாகக் கழன்று விழுந்தது. அதன் இரண்டு ஓரத்திலும் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே ரீஃபிலின் வெள்ளை தெரிந்தது. சாயத்தைத் தொட்டு அந்த இடத்தில் மட்டும் இழுத்தேன். நிறம் ஒத்துப் போனது, ஆனால் உற்றுப் பார்த்தால் தழும்பு தெரியும். ஐந்துக்கும் அப்படித்தான். அரை மணி நேரம் என்று சொன்னது முக்கால் மணியானது. சார் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

ஐந்தையும் மேஜையில் வைத்துவிட்டு, கையைக் கழுவினேன். கழுவிவிட்டு எங்கே போனேன் தெரியுமா? சுவருக்கு. கால்கள் தானாகப் போய்விட்டன.

“என் பக்கத்து ஆள் எங்கே?” என்றார் டாக்டரம்மா. “அண்ணா, அந்தச் சுவர் விழாது. இங்கே வாங்கோ.”

சார் ஒரு நாற்காலியைக் காலால் இழுத்து மேஜைக்குப் பக்கத்தில் விட்டார். முகம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. ஆனாலும் நாற்காலி நாற்காலிதான். நான் உட்கார்ந்தேன். நுனியில்தான் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மாவுக்கு மூன்று டாங்கி, எனக்கு இரண்டு. எதிரில் சாருக்கு ஐந்து. தம்பி என் முதுகுப் பக்கம் வந்து நின்று குழல்களைப் பார்த்தான்.

“எப்பா, நீங்க பாகிஸ்தானா?”

“ஆட்டத்துக்குத்தாம்ல.”

“ஸ்கூல்ல சொல்லிறாதிய,” என்றான். உண்மையிலேயே பயந்துபோயிருந்தான்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு சுற்றில் எட்டு அங்குலம் போகலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் டேப்பை நீட்டி, நான் செய்த டாங்கியை என் இரண்டு விரலால் பிடித்துத் தள்ளியபோது ஏழரையிலேயே நிறுத்திவிட்டேன். ஒரு துளி சாயம் வழியவிடாத கைக்கு அரை அங்குலம் தப்பியது.

“இன்னும் அரை அங்குலம் பாக்கி இருக்கு, அண்ணா. அதை யாருக்கு மிச்சம் பிடிக்கறேள்? எடுத்துக்கோங்கோ,” என்றார் டாக்டரம்மா.

மேஜையின் நடுவில் ஸ்பாஞ்ச் தோப்பு ஒன்று இருந்தது. சார் தன் டாங்கி ஒன்றை அதன் பின்னால் சுற்றி அனுப்பியிருந்தார். டாக்டரம்மாவின் மூன்றையும் எதிர்கொள்வதில் அதை மறந்துவிட்டார். மூன்று சுற்றுக்குப் பிறகு தோப்பின் ஓரத்தில் ஒரு குழலின் முனை மட்டும் அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. வளையம் இலைக்குள் இருந்தது. சார் வாசிக்கிற கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். டேப்பை நீட்டினார்.

“இது பன்னண்டு அங்குலம். அந்தத் தோப்போரத்து டாங்கியைச் சுடறேன்.”

மேஜைக்கு அடியில் டாக்டரம்மா என் காலை மிதித்தார். பேசாமல் இரு என்று அர்த்தம். பேசாமல் இருந்திருந்தால் எங்கள் பக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்த டாங்கி எனக்கு முதுகைப் பார்த்தே தெரியும். தார்ப்பாய்ச் சுருளில் நீலக் கோடு போட்ட உள்துணி, ஒன்றில் மட்டும்தான் அந்தத் துணி வைத்திருந்தேன். நான் வளையம் அறுக்காத டாங்கி அது.

“சார், அது உங்களோடதுதான்,” என்றேன்.

“ஐயோ அண்ணா!” என்று டாக்டரம்மா தலையில் கை வைத்தார்.

சார் எழுந்து, சுற்றி வந்து, ஸ்பாஞ்சை விலக்கிப் பார்த்தார். வளையம் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பகடையைப் பார்த்தேன். மறுபடி கோபம் வந்துவிடுமோ என்று பயந்தேன்.

“சொல்லியாச்சு,” என்றார். “சுடறேன்னு சொன்னா சுட்டதாக்கும். விதி விதிதான்.”

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, பகடையை எடுத்து உருட்டினார். ஆறு. பட்டது. டாங்கி உடைந்ததா என்று பார்க்க மறுபடி உருட்டினார். மறுபடி ஆறு. அவர் டாங்கியை அவரே முடித்துவிட்டார்.

சார்தான் முதலில் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “வளையம், வளையம்னு கத்தினேனே. கட்டி விட்டும் கண்ணுக்குத் தெரியலை எனக்கு!” என்றார். நீங்களும் சிரித்தீர்கள். நான் நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். டாக்டரம்மாவின் மூன்றும் போயின, என்னுடையதில் ஒன்று போனது. டாக்டரம்மா சாருடையதில் ஒன்றை வீழ்த்தினார். நான் நான்கு தடவை சுட்டேன். ஒன்று கூடப் படவில்லை. ஒவ்வொரு தடவையும் என்ன விழ வேண்டும் என்று சாருக்கு முன்னால் நான் சொன்னேன். அதில் தப்பு வரவில்லை.

எல்லாம் எடுத்து வைத்த பிறகு சார் ஒரு நீள நோட்டை எடுத்தார். ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் யார் ஆடினார்கள், யார் எத்தனை டாங்கியை வீழ்த்தினார்கள் என்று எழுதி வைக்கிற நோட்டு. என்னிடம் திரும்பி, “இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டார். முன்னாடி என்றேன். தன் பெயர், டாக்டரம்மா பெயர், அதற்குக் கீழே என் பெயர். எழுதிவிட்டு, என் பெயருக்கு நேராகப் பூஜ்யம் போடப் போனார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் டாக்டரம்மா. “நீங்க சுட்ட உங்க டாங்கி யார் கணக்கு?”

“யார் கணக்கும் இல்லை.”

“ஒரு டாங்கி போயிருக்கு. யாராவது வீழ்த்தியிருக்கணுமே. உங்களை நீங்களே வீழ்த்தினேள்னு எழுதறேளா?”

“அது எப்படி எழுதறது?”

“அப்போ அண்ணா பேர்ல எழுதுங்கோ. ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி பண்ணிக் காமிச்சது அவர்தானே?”

“அதைத்தான் அறுத்துச் சரி பண்ணியாச்சே!”

“பூஜ்யமே இருக்கட்டும் சார்,” என்றேன் நான். எனக்கு என் பெயர் அந்த நோட்டில் இருந்ததே போதும்.

அக்கா மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “ஒண்ணு போடுங்க அங்கிள். எப்பா வார்ன் கூடப் பண்ணுனாங்கல்லா,” என்றாள்.

சார் பேனாவால் தாடையைத் தட்டிக்கொண்டு யோசித்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஏதோ பெரிய கேஸைப் பார்ப்பது போல யோசித்தார். பிறகு என் பெயருக்கு நேராக ஒன்று என்று எழுதி, பக்கத்தில் இங்கிலீஷில் பொடி எழுத்தில் எதையோ சேர்த்தார். அக்கா எட்டிப் பார்த்து வாசித்து, என் காதில் சொன்னாள்: “குழப்பத்தால்னு போட்டிருக்காங்கப்பா.”

புனே போனவர் அடுத்த மாதம் திரும்பி வந்தார். சொசைட்டி ஆபீசிலிருந்து ஒரு நாற்காலி கூடுதலாகக் கொண்டு வந்து போட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு ஆட்டம் ஆடியாகிவிட்டது. நான் நிஜமாகவே சுட்டு வீழ்த்தியது மூன்று டாங்கி. நோட்டில் நான்கு என்று இருக்கிறது.